வீட்டுல மூணு பேரும் விட்டமின் ஈ குளிசை போடுறோம், சரியா மிஸ்?

தலவாக்கலை பக்கத்து தோட்டம் ஒன்னுல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. பேரு, டிவிஷன் எதுவும் போட வேணாம்னு கேட்டிருக்காங்க, அதனால போடல. கடிதம் பெருசு, சுருக்கி தர்றேன்:

"மிஸ், எனக்கு 41 வயசு, கொழுந்து எடுக்கிறேன். ஒரு வருஷமா சரியான களைப்பு. மலை ஏறினா மூச்சு வாங்குது, முடி கொத்து கொத்தா கொட்டுது, ராவைக்கு கெண்டக்கால் பிடிச்சு இழுக்குது, கன்னம் ரெண்டுலயும் மங்கு விழுந்திருக்கு. கொழும்புல கடையில நிக்கிற மகன் தீபாவளிக்கு வரும்போது விட்டமின் ஈ 400னு பச்சைக் குளிசை பெட்டி ஒன்னு கொண்டாந்தான், போன்ல வீடியோ பாத்தானாம், முடிக்கு மூஞ்சிக்கு களைப்புக்கு எல்லாத்துக்கும் நல்லதாம். நான் தினம் ஒன்னு போடுறேன், ராவைக்கு ஒன்ன ஊசியால குத்தி மூஞ்சில பூசுறேன். மூத்த மகள் அஞ்சு மாசம் முழுகாம இருக்கா, பிள்ளை நல்லா வளரும்னு அவளுக்கும் குடுக்கிறேன். வீட்டுக்காரருக்கு நெஞ்சுல வால்வு மாத்தின ஆப்பரேஷன் செஞ்சது, வார்ஃபரின் போடுறாரு, இதயத்துக்கும் ஈ நல்லதுன்னு சொன்னாங்க, அவருக்கும் கிழமைக்கு நாலு குடுக்கிறேன். எங்க சாப்பாட்டுல விட்டமின் ஈ இல்லையா மிஸ்? காலையில ரொட்டி, தேங்காய் சம்பல், தேத்தண்ணி. பகலைக்கும் ராவைக்கும் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி. கிழமைக்கு ஒருக்கா மீனோ கோழியோ. இன்னொன்னு, எனக்கு மாசத்துக்கு வந்தா எட்டு ஒம்பது நாளைக்கு நிக்கிறதில்ல, அது வயசுக்கு அப்பிடித்தான்னு விட்டுட்டேன். குளிசைய தொடர்ந்து போடலாமா?"

அக்கா, நீங்க கேட்ட வரிசையில பதில் சொல்லப் போறதில்ல. முதல்ல உங்க வீட்டுக்காரர்.

அவருக்கு அந்தப் பச்சைக் குளிசைய இன்னைக்கே நிப்பாட்டுங்க. வார்ஃபரின நிப்பாட்டிறாதீங்க, இத ரெண்டு தரம் வாசிங்க, நிப்பாட்ட வேண்டியது ஈ மட்டும்தான். வால்வு மாத்தினவங்களுக்கு அந்த வால்வுல ரத்தம் கட்டி பிடிக்காம இருக்கத்தான் வார்ஃபரின் குடுக்கிறாங்க. அது உடம்புல விட்டமின் கே செய்யிற வேலைய கொறைச்சு ரத்தம் உறையிறத மெதுவாக்குது. பெரிய அளவு விட்டமின் ஈயும் அதே விட்டமின் கேயோட வேலையிலதான் குறுக்க நிக்குது. ரெண்டும் ஒன்னா சேந்தா ரத்தம் உறைய வேண்டிய இடத்துலயும் உறையாம போகலாம். அதனால பல் விளக்கும்போது முரசுல ரத்தம் வருதா, இடிபடாமலே தோல்ல நீலமா கன்றிப் போயிருக்கா, மூக்குல ரத்தம் வந்தா நிக்க நேரமாகுதா, மலம் தார் மாதிரி கறுப்பா போகுதா, சிறுநீர் சிவப்பா இருக்கானு அவர்கிட்ட கேளுங்க. ஒன்னு இருந்தாலும் கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்க வேணாம், உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. சும்மா இருக்கும்போது திடீர்னு தாங்க ஏலாத தலைவலி, ஒரு பக்கம் கை கால் வராம போறது, பேச்சு குழறுறதுனா ஒரு நிமிஷம்கூட தாமதிக்கக் கூடாது. எதுவுமே இல்லைன்னாலும் ஐ.என்.ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு காட்டுற சோதனை, அத பாக்கிற கிளினிக்குக்கு இந்தக் கிழமையே போய், இவ்வளவு நாளா இந்தக் குளிசை போட்டாரு இப்ப நிப்பாட்டியாச்சுன்னு சொல்லுங்க, பெட்டியையும் கையில கொண்டு போங்க. ஈ போட்ட நேரத்துல வந்த ஐ.என்.ஆர் நம்பர பாத்து வார்ஃபரின் அளவ மாத்தி இருந்தாங்கன்னா இப்ப திரும்ப பாத்து சரிபண்ணனும், அத அவங்கதான் செய்யணும்.

இதயத்துக்கு நல்லதுன்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. சொன்னவங்க பொய் சொல்லல, ஒரு காலத்துல டாக்டர்மாரே அப்பிடித்தான் நம்பினாங்க, அதனாலதான் ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு வருஷக்கணக்குல குடுத்து பாத்தாங்க. பின்லாந்துல புகை பிடிக்கிற ஆம்பளைங்க 29,133 பேர வச்சு செஞ்ச ஆய்வோட முடிவு 1994ல வந்துச்சு. அதுல ஈ போட்டவங்களுக்கு குடுத்தது ஒரு நாளைக்கு வெறும் 50 மில்லிகிராம். அது முக்கியமா நுரையீரல் புற்றுநோய தடுக்குமானு பாக்க செஞ்சது, அதுவும் கொறையல, மூளையில ரத்தம் கசிஞ்சு செத்தவங்க ஈ போட்ட பக்கம் கூடுதலா இருந்தாங்க. 2000ல இன்னொரு ஆய்வு, 9,000க்கு மேல ஆட்கள், இதய வருத்தம் வர வாய்ப்பு கூடினவங்க, தினம் 400 அலகு ஈ, உங்க பெட்டியில போட்டிருக்கிற 400ம் அந்த அலகுதான். மாரடைப்பும் கொறையல, பக்கவாதமும் கொறையல. அதே ஆட்கள இன்னும் சில வருஷம் தொடர்ந்து பாத்து 2005ல முடிவு சொன்னப்போ, ஈ போட்டவங்கள்ல இதயம் பலவீனமாகிப் போனவங்கதான் கூட. உங்க வீட்டுக்காரருக்கு கிழமைக்கு நாலு குடுத்தாலும் சராசரி கணக்குல ஒரு நாளைக்கு 200 அலகுக்கு மேல போகுது, பின்லாந்துல குடுத்த 50 மில்லிகிராம் கிட்டத்தட்ட 50 அலகுதான், அத மாதிரி நாலு மடங்கு, அதுவும் வார்ஃபரின் போடுற ஒருத்தருக்கு. அதனாலதான் அவர முதல்ல எழுதினேன்.

அடுத்து மகள். அவளும் நிப்பாட்டட்டும், ஆனா பயப்பட வேணாம், இவ்வளவு நாள் போட்டதால பிள்ளைக்கு ஏதோ ஆயிருச்சுன்னு அழுதுகிட்டு இருக்க வேணாம்னு நான் சொன்னதா சொல்லுங்க. கர்ப்பிணித் தாய்மாருக்கு ஈ குளிசை குடுத்தா பிரஷர் கூடுற வருத்தம் வராம தடுக்கலாம்னு நினைச்சு இங்கிலாந்துல கிட்டத்தட்ட 2,400 பேர்ல பாதிப் பேருக்கு விட்டமின் சி 1,000 மில்லிகிராமும் ஈ 400 அலகும் குடுத்து பாத்தாங்க, 2006ல முடிவு வந்துச்சு. வருத்தம் கொறையல. எடை கொறஞ்ச பிள்ளைங்க அந்தப் பக்கம்தான் கூட பிறந்துச்சு. தோட்டத்துல பிறக்கிற பிள்ளைங்க எடை நாட்டுல மத்த இடங்கள விட ஏற்கனவே கொறைவு, அத நீங்களும் நானும் கண்ணால பாக்கிறது. அதுல இன்னும் ஒரு சந்தேகத்த நாமளே காசு குடுத்து வாங்கி சேத்துக்க வேணாம். மகளுக்கு கிளினிக்ல குடுக்கிற இரும்புச்சத்து குளிசை, ஃபோலிக், கல்சியம், திரிபோஷ சத்து மா, இதுங்க ஒவ்வொன்னுக்கும் காரணம் இருக்கு, மிட்வைஃப் மிஸ் சொல்ற மாதிரி அத ஒழுங்கா போடட்டும். இரும்புக் குளிசைய போட்டா வயித்த பெரட்டுதுன்னு ஒளிச்சு வைக்கிற பிள்ளைங்கள நான் நிறைய பாத்திருக்கேன், உங்க மகள் அப்பிடி செய்றாளானு மெதுவா கேட்டுப் பாருங்க, ஏசாதீங்க. ராவைக்கு சாப்பிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு போட்டா அனேகமா தாங்கும். கல்சியமும் இரும்பும் ஒரே நேரத்துல போடக் கூடாது, ஒன்னு காலையில ஒன்னு ராவைக்கு. திரிபோஷ அவளுக்குனு குடுத்தது, வீட்டுல எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுறது இல்லாம அவ பங்கு அவளுக்கே கிடைக்கணும்.

பிள்ளைக்கு நல்லதுன்ற பேச்சு எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்றேன், அதுக்குப் பின்னால ஒரு உண்மை இருக்கு. 1922ல கலிபோர்னியாவுல ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப்னு ரெண்டு பேர் எலிக்கு பன்றிக் கொழுப்பு, பால் புரதம், மாச்சத்துனு சுத்தம் பண்ணின சாப்பாடு குடுத்து வளத்தாங்க. எலி நல்லா வளருது, சினையும் ஆகுது, ஆனா குட்டி உள்ளயே கரைஞ்சு போகுது. லெட்டஸ் இலை குடுத்தா குட்டி நிக்குது, கோதுமை முளையில இருந்து எடுத்த எண்ணெய் சொட்டு சொட்டா குடுத்தாலும் நிக்குது. அந்த எண்ணெயில இருந்துதான் 1936ல விட்டமின் ஈய தனியா பிரிச்சு எடுத்தாங்க. அப்ப இருந்து பிள்ளை வரத்துக்கு ஈ, பிள்ளை வளர ஈ, இளமைக்கு ஈனு விளம்பரம் ஓடிட்டே இருக்கு. ஆனா அந்த எலிக்கு ஈ துளிகூட இல்லாம செஞ்சுதான் அப்பிடி ஆச்சு. சாதாரணமா சாப்பிடுற பொம்பளைக்கு மேல மேல ஈ குடுக்கிறதால கர்ப்பம் பலமாகும்னு யாரும் காட்டினதில்ல.

சரி, ஈ உடம்புல என்னதான் செய்யுது? உங்க வீட்டுல எண்ணெய் போத்தல் அடுப்புக்கு பக்கத்துல கிடந்து சிக்கு வாடை வந்திருக்குமே, அது எண்ணெயில உள்ள கொழுப்பு காத்தோட சேந்து கெட்டுப் போறது. நம்ம உடம்புல ஒவ்வொரு கலத்துக்கும் மேல கொழுப்பாலான ஒரு மெல்லிய தோல் இருக்கு, அங்கயும் அதே மாதிரி கெடுதல் நடக்கும், ஒரு கொழுப்பு கெட்டா பக்கத்துல உள்ளத கெடுக்கும், அது அடுத்தத. பெப்ரவரி மாசத்து வெயிலுக்கு மானாப்புல்லு பத்தினா எப்பிடி ஒரு தூருல இருந்து அடுத்த தூருக்கு தாவித் தாவி ஓடும், அப்பிடி. ஈ அந்தக் கொழுப்புக்குள்ளயே உக்காந்துகிட்டு தாவ விடாம நடுவுல அறுத்து விடுது. அறுத்ததும் ஈ தேஞ்சு போகும், விட்டமின் சி வந்து அத திரும்ப வேலைக்கு ஏத்த மாதிரி ஆக்கி விடும். அதனால கொய்யாவும் தேசிக்காயும் சாப்பிடுறவங்க உடம்புல உள்ள கொஞ்ச ஈயும் நல்லா ஒழைக்கும். நரம்பு, சிவப்பு ரத்தக் கலம், கண், இதுங்களுக்குத்தான் இந்தக் காவல் ரொம்ப முக்கியம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்னா, அமெரிக்கக் கணக்குல வளந்த ஆளுக்கு 15 மில்லிகிராம், பால் குடுக்கிற தாய்க்கு 19. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேந்து சொன்னது ஆம்பளைக்கு 10, பொம்பளைக்கு 7.5. உங்க பெட்டிய திருப்பி சின்ன எழுத்த மகன வாசிக்க சொல்லுங்க, அல்ஃபா டோகோஃபெரில் அசிடேட்னு இருக்கும், அதுக்கு முன்னால டி.எல்னு ரெண்டு எழுத்து இருந்தா அது ஃபேக்டரியில செஞ்சது. அதுல பாதிக்கும் கொறைவாத்தான் உடம்பு ஒழுங்கா பாவிக்கும், 400னு போட்டிருந்தா 180 மில்லிகிராம் மாதிரி கணக்கு. அப்பிடி கொறைச்சு பாத்தாலும் 15க்கு பன்னெண்டு மடங்கு. ஈ கொழுப்புல கரையிற விட்டமின், சி மாதிரி கூடினது உடனே சிறுநீர்ல போயிறாது.

இனி உங்க சாப்பாட்டுக்கு வர்றேன், எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதியும் இதுதான். அந்த முதல் விட்டமின் ஈ கோதுமை முளையில இருந்து வந்துச்சுன்னு சொன்னேன்ல, நம்ம லயத்துல காலையில ரொட்டி தட்டுறதும் கோதுமை மாவுலதான். ஆனா அந்த வெள்ளை மாவுல முளை இல்ல. மில்லுல அரைக்கும்போது தவிட்டையும் முளையையும் எடுத்துறாங்க, முளையில எண்ணெய் இருக்கிறதால மா சீக்கிரம் கெட்டுப் போகும்னுதான் எடுக்கிறாங்க, ஈயும் அதோட சேந்து போயிருது. மிச்சம் இருக்கிறது கிட்டத்தட்ட ஒன்னுமில்ல. சோறும் அப்பிடித்தான், வெள்ளை அரிசியில பேருக்குத்தான் இருக்கும். தேங்காயிலயும் தேங்காய் எண்ணெயிலயும் ரொம்ப ரொம்பக் கொறைவு. இத சொன்னா எல்லாரும் முழிப்பாங்க, தேங்காய் எண்ணெய்னா எல்லா சத்தும் இருக்கும்னு நம்ம ஆட்களுக்கு ஒரு நினைப்பு. ஆனா இதுல நமக்கு சாதகமா ஒன்னும் இருக்கு: தேங்காய்க் கொழுப்பு லேசுல கெட்டுப் போகாத வகை, சோயா எண்ணெய் சூரியகாந்தி எண்ணெய் மாதிரி கெடுற வகைக் கொழுப்ப கூட சாப்பிடுறவங்களுக்குத்தான் ஈயும் கூட வேணும், தேங்காய் சாப்பிடுற வீட்டுக்கு தேவையே கொஞ்சம் கொறைவு. அந்த 15ன்ற நம்பர பாத்து நீங்க பயப்பட வேண்டியதில்லன்னு நான் சொல்றதுக்கு இது ஒரு காரணம்.

அப்ப உங்களுக்கு ஈ எங்க இருந்து வருது? சம்பல்ல இருந்து! காஞ்ச மிளகாய்த் தூள்ல ஈ நிறைய இருக்கு, ஒரு தேக்கரண்டி தூள்ல ஒரு மில்லிகிராம் அளவு. அதுக்காக உறைப்ப கூட்ட சொல்லல, வயித்த பாத்துக்கணும். பூசணிக்காய் கறி, பருப்பு, முட்டை, மீன், கீரை, மாம்பழம்னு கொஞ்சம் கொஞ்சமா சேரும். நீங்க எழுதின சாப்பாட்ட வச்சு மனக்கணக்கு போட்டா நாலு அஞ்சு மில்லிகிராம்தான் தேறும். கொறைவுதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கொறைவா சாப்பிடுறது வேற, ஈ இல்லாததால வருத்தம் வர்றது வேற. வளந்த ஆளுக்கு ஈ இல்லாம வருத்தம் வரணும்னா கொழுப்ப உறிஞ்சவே ஏலாத குடல் வருத்தமோ, பித்தம் இறங்காத ஈரல் வருத்தமோ, பரம்பரையா வர்ற அபூர்வமான கோளாறோ இருக்கணும், அப்பவும் வருஷக்கணக்கு எடுக்கும். வந்தா கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், கண் பார்வை மங்கும். களைப்பும் முடி கொட்டுறதும் அதோட அடையாளம் இல்ல. மாசம் நிறையாம பிறக்கிற குழந்தைங்களுக்கு ஈ கொறஞ்சு சிவப்புக் கலம் உடையிறது உண்டு, அத ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்க.

அந்த நாலு அஞ்ச ஏழு எட்டாக்க குளிசை வேணாம். ஒரு கை நிறைய கச்சான் (நிலக்கடலை), சுமார் 30 கிராம், அதுல ரெண்டு மில்லிகிராமுக்கு மேல இருக்கு. மலைக்கு போகும்போது ரொட்டியோட ஒரு சின்னப் பொட்டலம் கச்சான் கட்டிட்டு போங்க, புரதமும் சேந்து கிடைக்கும். ஒன்னு மட்டும் பாருங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு கச்சான் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும், சுருங்கினது, கறுத்தது, கசக்கிறது எதையும் வாயில போட வேணாம், பூஞ்சண நஞ்சு ஈரலுக்கு கூடாது, வறுத்தாலும் முழுசா போகாது. சின்னப் பிள்ளைங்களுக்கு முழுக் கடலை குடுக்காதீங்க, தொண்டையில சிக்கும், இடிச்சு குடுங்க. பட்டர் புரூட் (அவகாடோ) காலத்துல லயத்துக்குப் பின்னால மரத்தடியில விழுந்து அழுகிக் கிடக்கும், வியாபாரி வந்து மூட்டையா அள்ளிட்டு போவான், நம்ம பிள்ளைங்க அத சீனி போட்டுத் தந்தாத்தான் சாப்பிடுவேன்னு நிக்கும். அதுல பாதிப் பழத்துல ரெண்டு மில்லிகிராம் ஈ இருக்கு, அத உறிஞ்ச வேண்டிய கொழுப்பும் அதுலயே இருக்கு. சம்பல் மாதிரி வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய், உப்பு போட்டு பிசைஞ்சு ரொட்டிக்கு தொட்டுப் பாருங்க. ரொட்டி மாவுல பாதிக்கு ஆட்டா மாவோ குரக்கன் மாவோ கலந்தா இன்னும் நல்லது, கொஞ்சம் முரடா இருக்கும், தேங்காய்ப்பூ கூடப் போட்டா மெதுவாகும். கீரைய சும்மா அவிச்சு எடுக்காம தேங்காய்ப்பூ போட்டு சுண்டல் பண்ணுங்க, கொழுப்பு இல்லாம ஈ குடல்ல உள்ள போகாது. பொன்னாங்கண்ணி, முருங்கை, பீட்ரூட் இலை, எது கிடைக்குதோ அது. பீட்ரூட் வாங்கும்போது இலைய வெட்டி எறிய விடாதீங்க, கேட்டு வாங்குங்க. சூரியகாந்தி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில அஞ்சு மில்லிகிராமுக்கு மேல இருக்கும், விலை கூட, அதுக்காக கடன் பட வேணாம். எந்த எண்ணெயா இருந்தாலும் பொரிச்ச எண்ணெயிலயே திரும்பத் திரும்ப பொரிக்கிறத விட்டுருங்க, சூட்டுல ஈதான் முதல்ல அழியும், அதுக்குப் பிறகு அந்த எண்ணெய காப்பாத்த ஒன்னும் இல்ல.

வீட்டுக்காரர் விஷயத்துல மட்டும் ஒரு கவனம். நான் கீரைய பத்தி இவ்வளவு எழுதிட்டேன்னு நாளைக்கே அவர் தட்டுல மலை மாதிரி கீரைய வச்சிறாதீங்க, கீரையில விட்டமின் கே நிறைய, வார்ஃபரினுக்கு எதிரா வேலை செய்யும். அவர் கீரை சாப்பிடலாம், ஆனா எப்பவும் சாப்பிடுற அளவுலயே, ஒரு கிழமை நிறைய ஒரு கிழமை ஒன்னுமில்லனு மாறி மாறி இல்லாம. கூட்டணும்னா கிளினிக்ல சொல்லிட்டு கூட்டுங்க. கச்சான் அவருக்கு பரவாயில்ல.

இனி நீங்க. அக்கா, உங்க கடிதத்துல எனக்கு ரொம்ப கவலை தந்தது நீங்க கடைசில ஒரு ஓரமா எழுதின வரிதான், எட்டு ஒம்பது நாள் நிக்கிறதில்லன்றது. வயசுக்கு அப்பிடித்தான்னு விடுற விஷயம் இல்ல அது. மாசா மாசம் அவ்வளவு ரத்தம் போகுது, சாப்பாட்டுல இறைச்சி மீன் கிழமைக்கு ஒருக்கா, ரொட்டியோட சேத்து தேத்தண்ணி, களைப்பு, மலை ஏறினா மூச்சு வாங்குறது, முடி கொட்டுறது. இத்தனையும் ஒன்னா வச்சு பாக்கிறப்போ ஈய விட இரும்புச்சத்து கொறஞ்சு ரத்தம் கொறஞ்சிருக்குன்னு நினைக்கத்தான் காரணம் கூட இருக்கு. நான் கடிதத்த பாத்து முடிவு சொல்ல ஏலாது, ரத்தம் சோதிச்சாத்தான் தெரியும். தோட்டத்து டிஸ்பென்சரியிலயோ அரசாங்க ஆஸ்பத்திரியிலயோ ஹீமோகுளோபின் பாக்க சொல்லுங்க, உங்களுக்கு 12 இருக்கணும், மகளுக்கு 11. முடிஞ்சா உடம்புல சேத்து வச்சிருக்கிற இரும்ப காட்டுற ஃபெரிட்டினும், தைரொயிடும் பாக்க சொல்லி கேளுங்க. ரத்தம் ஏன் இவ்வளவு போகுதுன்னு பொம்பளைங்க கிளினிக்ல கட்டாயம் காட்டணும், கருப்பையில கட்டி இருந்தாலும் இப்பிடி போகும், அத கண்டுபிடிக்காம வெறும் இரும்புக் குளிசைய மட்டும் போட்டா ஒரு பக்கம் ஊத்த ஒரு பக்கம் ஒழுகிட்டே இருக்கும். சம்பளம் வெட்டுவாங்கன்னு தள்ளிப் போடாதீங்க. ஹீமோகுளோபின் சரியா இருந்தும் மூச்சு வாங்கினா நெஞ்சையும் பாக்கணும்.

சோதனை வர்ற வரைக்கும் ஒன்னு செய்யலாம், காசில்லாதது. சாப்பாட்டோட தேத்தண்ணி குடிக்கிறத நிப்பாட்டுங்க. தேயிலைச் சாயத்துல உள்ள ஒரு பொருள் ரொட்டி, பருப்பு, கீரையில உள்ள இரும்ப பிடிச்சுக்கும், சாப்பாட்டோட ஒரு கப் தேத்தண்ணி குடிச்சா உடம்பு எடுக்கிற இரும்பு பாதிக்கு மேல கொறையுது. நாள் பூரா கொழுந்து எடுத்து நாட்டுக்கு தேயிலை குடுக்கிற பொம்பளைங்கள்ல எத்தனையோ பேருக்கு ரத்தம் இல்ல, இத சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். தேத்தண்ணிய விடச் சொல்லல, அது இல்லாம குளிருல ஒரு நாள் ஓடாதுன்னு தெரியும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சு குடிங்க, அல்லது எழும்பினதும் வெறும் வயித்துல குடிக்கிறத அப்பிடியே குடிச்சிட்டு ரொட்டிய பிறகு சாப்பிடுங்க. ரொட்டியோட ஒரு கொய்யாவோ, சம்பல்ல தாராளமா தேசிக்காயோ இருந்தா இரும்பு நல்லா ஏறும். நெத்தலிக் கருவாடு கொஞ்சம் சம்பல்ல சேத்தாலும் உதவி.

கால் இழுக்கிறதுக்கு ஈ உதவும்னு நம்பத் தகுந்த ஆதாரம் இல்ல. நாள் முழுக்க சரிவுல நின்னு வேலை, அதோட மலையில கக்கூஸ் இல்லாததால தண்ணி குடிக்காம அடக்கிட்டு இருக்கிறது, அந்த ரெண்டுமே காலுக்கு பகை. இது உங்க பிழை இல்ல, வேலை இடத்துல வசதி செஞ்சு தராதவங்க பிழை. முடிஞ்ச அளவு தண்ணி குடிங்க, படுக்க முந்தி சுவருக்கு கைய ஊனி குதிக்கால தரையில பதிச்சு கெண்டக்கால இழுத்து விடுங்க.

மூஞ்சில பூசுறதையும் விட்டுருங்க. 1999ல தோல் டாக்டர்மார் 15 பேருக்கு ஆப்பரேஷன் தழும்புல பாதிக்கு ஈ கலந்த பூச்சும் பாதிக்கு வெறும் பூச்சும் பூசி பாத்தாங்க, பத்துக்கு ஒம்பது பேருக்கு ஈ பூசின பக்கம் ஒரு வித்தியாசமும் இல்ல, இல்லாட்டி இன்னும் மோசம். மூணுல ஒருத்தருக்கு தோல் சிவந்து அரிப்பு வந்துச்சு. அது தழும்பு, உங்களது மங்கு, ஆனா அரிச்சு சிவந்து ஆறினா மங்கு இன்னும் கறுக்கும், அதுதான் எனக்கு பயம். மங்குக்கு முதல் காரணம் வெயில், மழை மூட்டமா இருந்தாலும் மேகத்த தாண்டி அந்தக் கதிர் வரும், உயரத்துல இன்னும் கூட. கொழுந்து எடுக்கும்போது தலைத்துணிய நெத்திக்கு மேல விளிம்பு நீட்டிக்கிற மாதிரி மடிச்சு கட்டுங்க, கன்னத்துல நிழல் விழணும். கர்ப்பத்தடை மாத்திரை போடுறீங்கன்னா அதையும் மிட்வைஃப் மிஸ்கிட்ட சொல்லுங்க, அதாலயும் மங்கு வரும்.

ஈ குளிசையே விஷம்னு நான் சொல்றதா எடுக்காதீங்க. கொழுப்பு உறிஞ்ச ஏலாத பிள்ளைங்களுக்கு டாக்டர்மார் குடுப்பாங்க. நீரிழிவு இல்லாத, ஈரல்ல கொழுப்பு படிஞ்சு வீங்கினவங்களுக்கு 800 அலகு குடுத்து பலன் கண்டதா 2010ல ஒரு ஆய்வு இருக்கு, அதையும் டாக்டர் பாத்துத்தான் குடுப்பாரு. ஆம்பளைங்க 35,000க்கு மேல பேர வச்சு அமெரிக்காவுல செஞ்ச இன்னொரு ஆய்வுல தினம் 400 அலகு போட்டவங்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடினதா 2011ல சொன்னாங்க, அதனால மகன்கிட்டயும் சொல்லுங்க, அவனும் முடிக்குனு போடுறானோ என்னமோ. நல்ல மனசுலதான் வாங்கிட்டு வந்தான், அவன ஏச வேணாம். அடுத்த தரம் வரும்போது அந்தக் காசுக்கு கச்சானும் முட்டையும் வாங்கிட்டு வரச் சொல்லுங்க.

மிச்சம் இருக்கிற குளிசைய பக்கத்து காம்பராவுக்கு குடுத்துறாதீங்க, வார்ஃபரினோ ஆஸ்பிரினோ போடுறவங்க அங்கயும் இருப்பாங்க. ஐ.என்.ஆர் கிளினிக்குக்கு காட்ட பெட்டிய வச்சுக்கிட்டு, அது முடிஞ்சதும் பார்மசியில குடுத்துருங்க. ஹீமோகுளோபின் ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்க, மகளோட கிளினிக் கார்ட்ல போட்டிருக்கிற நம்பரையும் சேத்து எழுதுங்க, ரெண்டையும் பாத்துட்டு சாப்பாட்ட எப்பிடி மாத்தலாம்னு சொல்றேன்.